பழைய குரலின் மிச்சம்

என் பெயர் கவியரசன். அப்பா ஆசையாக வைத்தது. இந்தப் பெயரோடு சந்தாபுராவில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். தனக்கோடி அண்ணன் கடையில் எனக்கு வேலை. பொம்மசந்திராவில் இருக்கும் சின்னச் சின்ன ஃபேக்டரிகளின் கம்ப்யூட்டர்களை வருஷக் காண்ட்ராக்டில் பார்த்துக்கொள்வோம். வைரஸ், பிரிண்டர், எலி கடித்த வயர், இவ்வளவுதான் எங்கள் உலகம். இது நடந்தது 2003-ல். ஆயுத பூஜைக்கு மானிட்டர்களில் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்த சமயம்.

மோட்டார் ஸ்டார்ட்டர் செய்யும் ஒரு கம்பெனியிலிருந்து, கம்ப்யூட்டரில் சத்தம் வரவில்லை என்று புகார் வந்தது. தனக்கோடி அண்ணன் ஒரு பழைய ஸ்பீக்கரைக் கையில் திணித்து, இதை மாட்டிவிட்டுச் சாப்பாட்டுக்குள் வந்துவிடு என்றார். வேலை நேரத்தில் பாட்டு கேட்க முடியாமல் எவனோ தவிக்கிறான் என்ற எரிச்சலோடுதான் பைக்கை எடுத்தேன்.

மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த மேஜையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் ஹெட்செட். என் செருப்புச் சத்தம் கேட்டதும் எழுந்து நின்று, முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிக் கையை நீட்டினார். அவருக்குப் பார்வை இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பெயர் ரெமிஜியஸ்.

"ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கு தம்பி. பேசறவன்தான் செத்துட்டான்" என்றார்.

அவர் அந்தக் கம்பெனியின் டெலிபோன் ஆபரேட்டர். அதாவது, ஆபரேட்டராக இருந்தவர். லிங்கராஜபுரத்தில் வீடு, மனைவி பிரிஜெட். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இங்கிலீஷ் என எதில் கூப்பிட்டாலும் அதில் பதில் சொல்வார். சேலத்து டீலரும் அனந்தபூர் டீலரும் அவர் குரலை அடையாளம் வைத்துத்தான் ஃபோனில் திட்டவே ஆரம்பிப்பார்களாம். அந்த வருஷம் எக்ஸ்சேஞ்சைக் கழற்றிவிட்டு, ஒன்றை அழுத்து இரண்டை அழுத்து என்று தானே சொல்லும் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று.

பர்சனல் மேனேஜர் மமதா மேடம் ஒரு வழி சொன்னார். டீலர்களின் புகார்கள் இப்போதெல்லாம் ஈமெயிலில் வருகின்றன. அவற்றைப் படித்து, டீலர்களைத் திருப்பிக் கூப்பிட்டுப் பேச ஓர் ஆள் வேண்டும். ரெமிஜியஸ் கம்ப்யூட்டரைக் கற்றுக்கொண்டால் அவரையே அதில் போடலாம். தீபாவளி வரைக்கும் சோதனை. சரியாக வந்தால் வேலை நிற்கும், வராவிட்டால் இல்லை. இதையெல்லாம் ரெமிஜியஸ் முதல் பத்து நிமிஷத்திலேயே சொல்லிவிட்டார். அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "எனக்கு இது ஓடணும் தம்பி. ஓடலைன்னா நான் வீட்டுக்குப் போவணும். அம்பது வயசுக்குப் பக்கத்துல வந்துட்டேன், வேற யாரு கூப்பிடுவாங்க?" என்றார். ஸ்பீக்கரைப் பைக்குள் வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

பார்வை இல்லாதவர்களுக்காக ஒரு சாஃப்ட்வேர் உண்டு. திரையில் என்ன எழுத்து வந்தாலும் அதை வாய்விட்டுப் படிக்கும். எந்தச் சாவியைத் தட்டினாலும் அதன் பெயரைச் சொல்லும். அவரிடம் இருந்தது இலவசமாகக் கிடைக்கும் மாதிரி. அரை மணி, முக்கால் மணி பேசிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். மறுபடி கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால்தான் பேசும். அப்படி அணைத்து அணைத்துப் போட்டுத்தான் மூன்று மாதமாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். கடைசியில் டவுனில் இருக்கும் பார்வையற்றோர் சங்கம் முழு சாஃப்ட்வேரையே கொடுத்தது. ஒரு சி.டி., அதோடு ஒரு ஃப்ளாப்பி. அந்த ஃப்ளாப்பியில்தான் அனுமதி இருக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு கம்ப்யூட்டருக்கு மட்டும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள் என்று சங்கத்தில் சொல்லி அனுப்பினார்கள்.

பக்கத்து மேஜை தினேஷ் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், தானே எடுத்துப் பார்க்கலாம் என்று ரெமிஜியஸ் ஆரம்பித்திருக்கிறார். எல்லாம் ஒழுங்காகத்தான் போயிருக்கிறது. "எடுக்கிறேன், எடுக்கிறேன்" என்று அந்தக் குரலே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறது. பாதியில் நின்றுவிட்டது. நிற்காமல் என்ன செய்யும்? தன்னைத்தானே எடுத்துக்கொண்டிருந்தது, பேசுகிற பாகம் வந்ததும் அதையும் எடுத்துவிட்டது. அதற்குப் பிறகு திரையில் ஒரு கேள்வி வந்து நின்றிருக்க வேண்டும். மற்ற ப்ரோக்ராம்களும் உபயோகிக்கும் பொதுக் கோப்பு ஒன்று இருக்கிறது, அதையும் எடுக்கட்டுமா வேண்டாமா என்று இந்த மாதிரி சாஃப்ட்வேர்கள் கேட்கும். அதை யார் அவருக்குப் படித்துச் சொல்வது? அவர் கைகட்டிக் காத்திருந்தார். வெகு நேரம் சத்தமே இல்லை. வேலை முடிந்துவிட்டது என்று நினைத்து ஸ்விட்சை அணைத்துவிட்டார்.

நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். "பேசறவனை அனுப்பிட்டு, போயிட்டியாடான்னு அவனையே கேட்டுனு உக்காந்திருக்கேன் பாருங்க" என்றார்.

பாதி எடுத்த சாஃப்ட்வேரைப் போல ஒரு சனியன் உலகத்தில் இல்லை. வாடகை வீட்டைக் காலி செய்கிறவர்கள் சாமான்களை எடுத்துக்கொண்டு ஆணிகளை விட்டுவிட்டுப் போவார்களே, அப்படித்தான் சாதாரணமாக மிச்சம் இருக்கும். இது அப்படியில்லை. சாமான் எல்லாம் உள்ளே இருக்கிறது, சாவியை மட்டும் தொலைத்துவிட்டார்கள். நீக்கும் பட்டியலில் பெயர் இருந்தது. அதை அழுத்தினால், நீக்குவதற்கான கோப்பு காணவில்லை என்றது. சரி என்று புது சி.டி.யைப் போட்டால், பழையது இருக்கிறது, முதலில் அதை எடு என்றது. எடுக்கவும் விடாது, போடவும் விடாது.

இதற்கெல்லாம் எங்கள் கடை வைத்தியம் ஒன்றுதான். மொத்தமாக ஃபார்மேட் அடித்து, ஹார்ட் டிஸ்கைத் துடைத்துவிட்டு, எல்லாவற்றையும் புதிதாகப் போடுவது. மமதா மேடத்திடம் அனுமதி கேட்டேன். அவர் கன்னடமும் தமிழும் கலந்து பொறுமையாக விளக்கினார். டீலர் ஆர்டர் ப்ரோக்ராம் அந்த கம்ப்யூட்டரில்தான் இருக்கிறது. அதை எழுதிக் கொடுத்த ஆள் துபாய்க்குப் போய்விட்டான், அதன் டிஸ்க் யாரிடமும் இல்லை. "ஃபார்மேட் மாத்ரம் பேடா, வேண்டாம். கையிலேயே ஸொல்ப பார்த்து எடுத்துடுங்க" என்றார். ஸொல்பமாம், கொஞ்சம்தானாம்.

கையால் எடுக்க ஆரம்பித்தேன். ஃபோல்டரை அழித்தால், கோப்பு உபயோகத்தில் இருக்கிறது, அழிக்க முடியாது என்றது. எந்த சாஃப்ட்வேர் எங்கே குடியிருக்கிறது என்று விண்டோஸ் தனக்குள் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரிக்குள் புகுந்து, அதன் பெயர் இருந்த வரிகளை ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அழித்தேன். அணைத்துப் போட்டேன். திரை முழுக்கக் கறுப்பு. அந்தப் பழைய சாஃப்ட்வேர் விண்டோஸுக்கும் திரைக்கும் நடுவில் ஒரு கோப்பை நிறுத்திவைத்திருந்தது. திரைக்குப் போகிற எழுத்தை எல்லாம் முதலில் அது வாங்கிப் படித்துவிட்டுத்தான் அனுப்பும். அதைப் பிடுங்கியதும் திரைக்கு எதுவுமே போகவில்லை. பயந்துபோய், முன்பு எடுத்துவைத்த நகலிலிருந்து ரெஜிஸ்ட்ரியைத் திருப்பிப் போட்டேன். திரை வந்தது. பழைய சாஃப்ட்வேரின் மிச்சமும் கூடவே வந்து உட்கார்ந்துகொண்டது. அவனை அனுப்பினால் திரை போகிறது, திரையைக் கூப்பிட்டால் அவனும் வருகிறான். அந்த வாரம் முழுக்க இதுதான் கதை.

தனக்கோடி அண்ணன் தினமும் திட்டினார். ஒரே கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே, அத்திபெலேயில் நாலு பேர் காத்திருக்கிறார்கள் என்றார். அவர் சொல்வது நியாயம்தான். ஆனாலும் தினமும் அங்கேயே போய் நின்றேன். ஏன் என்று கேட்டால், அந்த மனிதர் தினமும் காலையில் கம்பெனி பஸ்ஸில் வந்து, பேசாத கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து, ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். வேறு வேலை எதையும் அவருக்கு யாரும் தரவில்லை.

ஒவ்வொரு தடவை நான் ஏதாவது செய்ததும், "இப்ப என்ன வந்திருக்கு?" என்பார். நான் படித்துக் காட்டுவேன். நீலத் திரை வந்தால் நீலத் திரை என்பேன். "நீலம்னா நல்லதா கெட்டதா?" என்று முதல் நாள் கேட்டார். அதற்குப் பிறகு நான் வாயைத் திறப்பதற்குள், "நீலமா?" என்று அவரே கேட்க ஆரம்பித்துவிட்டார். ஃப்ளாஸ்க்கில் பிரிஜெட் போட்டுக் கொடுத்த டீயை மூடியில் ஊற்றி எனக்குத்தான் முதலில் தருவார். சூடு குறையாமல், ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றுவார்.

ஆரம்பத்தில் தினேஷ் வந்து புகார் மெயில்களை அவருக்குப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தானாம். நான் வந்த சமயத்தில் அதை நிறுத்திவிட்டான். வேலை அதிகம் என்று சொல்லி, நாற்காலியைக்கூட அந்தப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான். நான் படிக்கட்டுமா சார் என்று கேட்டேன். அடுத்தவர் மெயிலைத் தொடுவது எங்கள் தொழிலில் தப்பு, இருந்தாலும் கேட்டேன். வேண்டாம் என்றார். "இன்னிக்கோ நாளைக்கோ இது பேசிடுமே. நானே கேட்டுக்கறேன். என் வேலையை நான்தானே செய்யணும்" என்றார்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு ஒன்று தோன்றியது. நான் முட்டாள்தனமாக நடுவில் நிற்பவனை முதலில் பிடுங்கிக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு, திரையை ஓட்டுவதற்கு விண்டோஸோடு வரும் சாதா டிரைவர் ப்ரோக்ராமை முதலில் போட்டேன். எழுத்தெல்லாம் பெரிது பெரிதாக, அசிங்கமாக வந்தது. வரட்டும். இப்போது திரை அவனை நம்பி இல்லை. அணைத்துவிட்டு, விண்டோஸ் விழித்துக்கொள்வதற்கு முன்பே கறுப்புத் திரையில் கட்டளை அடித்து, அவன் கோப்புகளை ஒவ்வொன்றாக அழித்தேன். ஒன்றும் மறுக்கவில்லை. திரும்பப் போட்டேன். திரை வந்தது, பட்டியலில் பழைய பெயர் இல்லை. சி.டி.யைப் போட்டேன், ஃப்ளாப்பியைச் செருகினேன். புது சாஃப்ட்வேர் முனகாமல் உள்ளே இறங்கியது.

குரல் வந்தது. வெள்ளைக்காரன் மூக்கால் பேசுகிற மாதிரி ஒரு குரல். அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன்: கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரெமிஜியஸ் என் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினார். ஹெட்செட்டைக் கழற்றிவைத்துவிட்டு, "உங்களுக்கும் கேக்கட்டும்" என்று சொல்லி, என் பைக்குள் கிடந்த ஸ்பீக்கரையே மாட்டச் சொன்னார். பிறகு குரலின் வேகத்தை ஏற்றினார். ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் எனக்கு அது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு உலுக்குகிற மாதிரிதான் கேட்டது. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. நேராக மெயிலுக்குப் போனார்.

டீலர் புகார்கள் வரிசையாக வந்தன. பாதி கேட்டதுமே தலையை ஆட்டி அடுத்ததற்குப் போனார். சேலத்தில் ஒரு ஸ்டார்ட்டர் எரிந்திருக்கிறது, திங்கட்கிழமை முதல் ஃபோன் அங்கேதான் என்றார். அடுத்த மெயில் திறந்தது. அது மமதா மேடத்திடமிருந்து வந்திருந்தது. அவர் காதில் அது ஓடிக்கொண்டிருந்தபோது, என் கண் முன்னால் பெரிய பெரிய எழுத்தில் அதுவே நின்றது. நான் படிக்கக் கூடாது என்று நினைப்பதற்குள் படித்துவிட்டேன்.

கம்ப்யூட்டர் பழுதாகிக் கிடப்பதால் சோதனையைத் தொடர முடியவில்லை, புனே தலைமை அலுவலகம் இதற்கு மேல் காத்திருக்க விரும்பவில்லை, ஆகவே வருகிற வெள்ளிக்கிழமையோடு உங்கள் பணி முடிகிறது, இத்தனை வருஷச் சேவைக்கு நன்றி. இந்த கம்ப்யூட்டர் திங்கட்கிழமை முதல் டிஸ்பாட்ச் பிரிவுக்குப் போகும். மெயில் போன வாரமே வந்திருந்தது. ஆபீசில் எல்லோருக்கும் நகல் போயிருந்தது. தினேஷ் பெயரும் அதில் இருந்தது.

குரல் நின்றது. ரெமிஜியஸ் மறுபடி ஒரு சாவியைத் தட்டினார். கூழாங்கல் இன்னொரு தடவை உருண்டது. அவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. எனக்குத்தான் காது சுட்டது.

நான் எழுந்து மமதா மேடம் அறைக்குப் போனேன். எனக்கு அங்கே என்ன உரிமை? காண்ட்ராக்ட்காரன் அனுப்பிய ஆள். ஆனாலும் போனேன். பேசாத கம்ப்யூட்டருக்கு, அது பேசாது என்று தெரிந்தே, பார்க்க முடியாத மனிதருக்கு மெயில் அனுப்பினீர்களா மேடம் என்று கேட்டேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கெட்டவர் இல்லை அந்த அம்மா. யாராவது படித்துச் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்தாராம். நடுவில் ஒருநாள் வராந்தாவில் அவரைப் பார்த்து, எல்லாம் ஓகேவா ரெமிஜியஸ் என்று கேட்டிருக்கிறார். அவர் சிரித்துக்கொண்டே, ஓகே மேடம், ஒண்ணும் கவலை இல்லை என்று சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டரைப் பற்றித்தான் சொல்லியிருப்பார். மேடம் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். எவ்வளவு பக்குவமாக ஏற்றுக்கொண்டார் என்று ஆபீசே அவரைப் புகழ்ந்துகொண்டிருந்ததாம்.

இப்போதுதான் பேசுகிறதே, இனிமேல் வேலை செய்வாரே என்றேன். புனேயில் எல்லாம் முடிந்துவிட்டது, செட்டில்மென்ட்கூடப் பாஸாகிவிட்டது, தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். நான் போய் அவரிடம் பேசுகிறேன் என்று எழுந்தவர், கதவு வரைக்கும் வந்துவிட்டுத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு அவரை அறைய வேண்டும் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது ரெமிஜியஸ் மேஜை டிராயரைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு ஜெபமாலை, தைல பாட்டில், பஸ் பாஸ். ஃப்ளாஸ்க்கைப் பைக்குள் வைத்தார்.

"தம்பி, இன்னும் ஒரு வேலை இருக்கு. இந்தப் புதுசை எடுத்துடுங்க. எடுத்தா அனுமதி ஃப்ளாப்பிக்குத் திரும்பிடும்னு சங்கத்துல சொன்னாங்க. அங்க அனுஷான்னு ஒரு பொண்ணு, பேங்க் பரீட்சைக்குப் படிக்குது, இதுக்காகக் காத்துனு இருக்கு. இங்க விட்டுட்டுப் போனா டிஸ்பாட்ச்காரன் இதை அழிச்சிடுவான். வீணாப் போயிடும்."

இருக்கட்டும் சார், திங்கட்கிழமை பார்க்கலாம் என்றேன். திங்கட்கிழமை அவர் எங்கே வரப்போகிறார் என்பது சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. உட்கார்ந்து எடுத்தேன். ஒரு வாரம் நான் முட்டி மோதியும் போகாத சாஃப்ட்வேரின் தம்பி இது. என்னிடம் ஏதாவது ஒரு தகராறு செய்யாதா, கொஞ்ச நேரமாவது பிடித்து நிறுத்தாதா என்று இருந்தது. ஒன்றும் செய்யவில்லை. குரல் அடங்கியது, ஃப்ளாப்பி கரகரத்து அனுமதியை வாங்கிக்கொண்டது, முடிந்தது. ஃபோல்டரைத் தேடினேன், இல்லை. ரெஜிஸ்ட்ரியில் தேடினேன், ஒரு வரி இல்லை. எங்காவது ஒரு சின்னக் கோப்பாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று மறுபடியும் தேடினேன். அந்த கம்ப்யூட்டர் யாரிடமும் எப்போதும் பேசியதே இல்லை என்பது போல இருந்தது.

"சுத்தமா போயிடுச்சா?" என்று கேட்டார்.

"போயிடுச்சு சார்."

ஃப்ளாப்பியை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். கீழே கம்பெனி பஸ்ஸின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆபீசில் ஒவ்வொருவராக எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். எங்கள் மேஜையைத் தாண்டும்போது எல்லோருக்கும் நடை மெதுவாயிற்று, ஒருவரும் நிற்கவில்லை. தினேஷ் மறுபக்கமாகச் சுற்றிக்கொண்டு போனான்.

ரெமிஜியஸ் எழுந்திருக்கவில்லை. "தம்பி, ஒண்ணு கேப்பேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "அந்த மெயில்ல என்ன இருந்துச்சுன்னு நீங்க சொல்லணும்."

"கேட்டீங்களே சார். ரெண்டு தடவை கேட்டீங்க."

"கேட்டேன். மெஷின் சொல்லிச்சு. ஒரு வாரமா இங்க எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லலை. நான் இப்ப வீட்டுக்குப் போயி பிரிஜெட் கிட்ட சொல்லணும். மனுஷன் வாயால ஒருதடவை அதைக் கேட்டாத்தான் எனக்கு அது வாய்ல வரும். நீங்க சொல்லுங்க."

நான் சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. இந்தக் கம்பெனியில் நான் யார், என்னை ஏன் சொல்லச் சொல்கிறீர்கள் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. அவர் முகத்தைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, காதை என் பக்கம் வைத்துக் காத்திருந்தார்.

"சார், உங்களுக்கு இன்னியோட வேலை இல்லை" என்றேன். பாதிதான் வெளியே வந்தது.

"இன்னொரு தடவை, தம்பி. கொஞ்சம் மெதுவா" என்றார்.

மெதுவாகச் சொன்னேன்.